ஒன்பது ராத்தல் பிள்ளை

எழுதிக்கொள் கண்ணு. எனக்கு எண்பத்தெட்டு வயது. ஏழு பெற்றேன், ஐந்தை வளர்த்தேன். போனவை முதல் இரண்டும். பல் முளைக்கும் முன்பே போய்விட்டன. அதனால் மூன்றாவதாகப் பெண் பிறந்ததும் நேர்ந்துகொண்டேன். திருவனந்தபுரத்துக் கோவிலில் துலாபாரத் தட்டில் வைத்து, எடைக்கு எடை வெல்லம் கொடுப்பேன். அதுவரை வேறு எந்தத் தராசிலும் இவளை ஏற்றமாட்டேன் என்று.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். போனக்காடு எஸ்டேட்டில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு ஒன்பது மாதம். ஒரு வாரமாகப் பாலை வாயில் வாங்கி வாங்கி விட்டுவிடுவாள். அழுதாலும் சத்தம் வராது. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கழுவின பானையையே திரும்பக் கழுவினேன். வாசலுக்குப் போவேன், திரும்பி வந்து அவள் மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பேன். கேட்டவர்களிடம் மட்டும், "அவ அப்பா மாதிரி மெலிஞ்ச உடம்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று வித்துராவிலிருந்து நர்ஸம்மா வந்தார். மலையாளத்துக்காரர். மாதம் ஒருமுறை எங்கள் லயத்துக்கு வந்து வீடு வீடாகப் பிள்ளைகளைப் பார்ப்பார். கூட ஒரு சிலோன்காரப் பெண். அங்கே நர்ஸுக்குப் படிக்கிறவள். இங்கே வீடு தேடிப் போய் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள வந்தாளாம்.

வந்ததும் அந்தப் பெண் உத்திரத்தில் கொக்கித் தராசை மாட்டினாள், துணியைத் தொட்டில் போலக் கட்டினாள், என் பிள்ளையைத் தூக்கினாள். நான் பாய்ந்துபோய்ப் பிடுங்கினேன்.

"என்னக்கா, நான் பிள்ளையைக் களவெடுக்கவோ வந்தனான்?"

"இவள நிறுக்கக் கூடாது. சாமிக்கு நேர்ந்திருக்கு."

"கொச்சுப் பிள்ளையோட வெயிட்டு அறியாம நான் புஸ்தகத்தில எந்து எழுதும்?" என்று என்னைக் கேட்ட நர்ஸம்மா, அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "தொடுறதுக்கு முன்ன அம்மைகிட்ட கேக்கணும், மனசிலாயோ?"

அடுத்த வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் மட்டும் திரும்பி வந்தாள். "தொடட்டோ அக்கா?" என்று கேட்டு, பிள்ளையின் தொடைத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, பிறகு விட்டாள். மடிப்பு அப்படியே நின்றது.

"பாத்தியளோ? தோல் வத்திப்போச்சு. நிறை எவ்வளவு குறைவு எண்டு தெரியாமல் நான் என்னத்தைச் சொல்ல?"

தினமும் இலையைக் கூடையோடு நிறுத்து, பிறகு கூடைக்கென்று இரண்டு ராத்தல் கழிப்பது எங்களுக்குப் பழக்கம். அதுதான் அப்போது நினைவுக்கு வந்தது.

"பிள்ளையோட என்னைய நிறுங்க. பொறவு என்னையத் தனியா நிறுத்துக் கழிச்சிருங்க. நான்தான் கூடை."

அவள் சிரித்துவிட்டாள். "இது எங்கட பாடத்தில இல்லையக்கா!"

அடுப்படியிலிருந்து என் மாமியார் கத்தினாள். "ஏட்டி, சாமிக்கே கணக்குச் சொல்லிக் குடுக்கியா?"

"தராசுல ஏறப்போறது நான். நேர்ந்தது என்னையவா?"

தேயிலைப் பெட்டி நிறுக்கும் பெரிய தராசு தொழிற்சாலையில் இருந்தது. தூறலில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். பிள்ளையோடு ஏறினேன். தொண்ணூற்றைந்து ராத்தல். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினேன். எண்பத்தாறு. நம்பாமல் இன்னொரு தரம் நிறுக்கச் சொன்னேன். அதே ஒன்பதுதான் வந்தது. இப்போதைய கணக்கில் நாலு கிலோ.

யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது ராத்தல் இலை, விடிந்து முதல் வரிசையை முடிக்கும் முன்பே என் கூடையில் கிடக்கும். அதன் கனம் என் முதுகுக்குத் தெரியும். ஒன்பது மாதப் பிள்ளையின் கனம் அது இல்லை. அப்பாவைப் போல என்று ஊரிடம் சொன்ன பொய்யை நானே நம்பியிருக்கிறேன்.

செய்தி கேட்டு ஓடிவந்த நர்ஸம்மா, "இன்னிக்கே ஆசுபத்திரி" என்றார். லாரியில் ஏறினோம். வித்துரா தாண்டுகிற வரை அந்தப் பெண் ஒரு துணி முனையை நனைத்து நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்துக்கொண்டே வந்தாள்.

திருவனந்தபுரம் ஆசுபத்திரியில் ஒரு வெள்ளைத் தட்டுத் தராசைக் கொண்டுவந்து வைத்தார்கள். சிலோன்காரப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். அவள் கேட்பதற்குள் நானே பிள்ளையைத் தட்டில் கிடத்தினேன். சாமிக்குக் கொடுத்த வாக்கை அப்போது உடைத்தேன். தெரிந்துதான் உடைத்தேன். பதினெட்டு நாள் அங்கே கிடந்தோம். பிள்ளை பிழைத்தாள்.

கண்ணு, எழுதினதை ஒருதரம் எனக்கு வாசித்துக் காட்டு. அந்தப் பெண் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கின இடத்தை நாசூக்காக மாற்றியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.