முன்சீட்டில் வெந்த கார்டு

நாற்பது டிகிரி. அதற்குமேல் சூடு ஆகாது என்று மலேரியா கார்டு வரும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் அச்சடித்திருக்கும். வெயிலம்மா அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே ஜீப்புக்குப் போகிறார். வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் முன்சீட்டில் வைத்து, கண்ணாடிகளை ஏற்றி, கதவை அறைந்து சாத்துகிறார். இனி வாரக்கணக்கில் அதன் குடித்தனம் அங்கேதான். முன்சீட்டு பெட்டிக்கு, பின்சீட்டு டாக்டருக்கு என்று ஆகிவிட்டதே என்பது டிரைவரின் புலம்பல். வெயிலம்மா என்ற பட்டப்பெயரை வைத்ததும் அவர்தான்.

மாவட்ட சுகாதார அலுவலகத்தில் லேப் அதிகாரி இந்த அம்மா. மலைப்பக்கத்து மருத்துவ நிலையங்களுக்கு எந்தக் கார்டை அனுப்பலாம் என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கார்டில் விட்டு, மேலே கரைசலைச் சொட்டினால் கொஞ்ச நேரத்தில் ஒரு கோடு விழும். கார்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் இன்னொரு கோடும் விழுந்தால் மலேரியா.

"ஏசி ரூம்ல எல்லாக் கார்டும் நல்ல புள்ளதான். தகரக் கூரைக்குக் கீழ கொஞ்ச நாள் கிடக்கட்டும், அப்புறம் பேசுவோம்" என்பார்.

கார்டு விற்க வரும் கம்பெனிக்காரர்கள் அவர் மேஜைக்கு முன் உட்காரத் தயங்குவார்கள். ஈரக் கையுறையை மாட்டிவிட்டு உறையைப் பிரிக்கச் சொல்வார். போன மாதம் ஒருவர் இழுத்து இழுத்துப் பார்த்து, கடைசியில் பல்லால் கடித்துக் கிழித்தார். அவர் கார்டு அத்தோடு போயிற்று. கோட்டைப் படிப்பதும் விளக்கடியில் இல்லை. ஸ்டோர் அறையின் மங்கலான மூலைக்குப் போய், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டால், "அங்க இருக்கிற நர்சுக்கு என் கண்ணையா குடுத்து அனுப்பப் போறோம்?"

இந்த ஆண்டு கடைசியில் நின்றவை இரண்டு கார்டுகள். முதலாவது, ஆளைச் சாய்க்கும் கொடிய மலேரியாவை மட்டும் காட்டும். இரண்டாவது அதோடு இன்னொரு வகையையும் காட்டும்: ஈரலில் பதுங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்துத் திரும்பவும் வந்து ஆட்டும் வகை. ஒன்றைத்தான் அனுப்ப முடியும். இரண்டும் போனால் கூட்ட நெரிசலில் ஒன்றின் கோட்டை மற்றதன் கோடாகப் படித்துவிடுவார்கள்.

மலையில் சாலை போடும் வேலையில் மேஸ்திரியாக இருக்கும் அவருடைய தம்பிக்கு வருவது அந்தப் பதுங்கும் வகை. இரண்டு தடவை படுத்து எழுந்துவிட்டான். அக்காவின் கையில்தான் கார்டு என்று கும்பலிடம் பெருமை அடித்துக்கொள்வான். புதுக் கார்டு தன் காய்ச்சலைப் பிடித்துவிடுமா என்று போனில் கேட்டிருந்தான். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

ஜீப்பிலிருந்து பெட்டிகளை இறக்கினார்கள். நோய் உறுதியான இரத்தத்தைச் சொட்டிவிட்டு மூலைக்குப் போனார். முதல் கார்டில் கோடு அழுத்தமாக விழுந்தது. இரண்டாவதிலும் கொடிய வகைக்கான கோடு பழுதில்லை. பதுங்கும் வகைக்கான கோடு வெந்து போயிருந்தது. ஒன்றில் நிழல் மாதிரி, அடுத்ததில் அதுவும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோயும் பார்த்தார். அவர் அப்படிச் செய்து டிரைவர் கண்டதில்லை.

கூட நின்ற அலுவலக டாக்டர் விடவில்லை. மலையில் பாதி வருஷம் குளிர்தானே, அப்போதாவது அந்த இரண்டாவது கோடு விழுமே என்றார். நியாயமான கேள்வி. வெயிலம்மா கார்டை மேஜையில் வைத்தார்.

"எந்த மாசம் நம்பலாம், எந்த மாசம் நம்பக்கூடாதுன்னு அங்க இருக்கிற நர்சுப் பொண்ணுக்கு யார் சொல்றது டாக்டர்? இருக்கிற நோயை இல்லைன்னு காட்டினா, அவ தைரியமா வீட்டுக்கு அனுப்பிடுவா. முதல் கார்டு, எனக்கு ஒரு வகைதான் தெரியும்னு ஒத்துக்குது. அப்ப அவ கண்ணாடி ஸ்லைடுல இரத்தத்தைத் தடவி, மைக்ராஸ்கோப்புல பார்க்க நமக்கு அனுப்புவா."

"ஸ்லைடு பஸ் ஏறி வந்து பதில் போறதுக்குள்ள, ஒருத்தன் ரெண்டு நாள் நடுங்கிக்கிட்டுக் கிடக்கணும்மா."

"கிடக்கணும்தான்."

அந்த ஒருத்தன் தன் தம்பியாகவும் இருக்கலாம் என்பதை வெயிலம்மா டாக்டரிடம் சொல்லவில்லை. முதல் கார்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்து தம்பியைப் போனில் அழைத்தார். அவனுக்குப் பின்னால் கல் உடைக்கும் சத்தம் கேட்டது.

"உன்னோடதைக் காட்டாதுடா. காய்ச்சல் வந்தா, கார்டுல ஒண்ணும் இல்லையாம்னு வேலைக்குக் கிளம்பிடாத. ஸ்லைடு எடுக்கச் சொல்லு. பதில் வர்ற வரைக்கும் படு."

"காட்டுற கார்டே இல்லையா?"

"இருந்துச்சு."

"யாரு அக்கா வேண்டாம்னது?"

"நான்தான்."

தார் ஆறுகிறது, போக வேண்டும் என்றான் அவன். ஆனால் போனை வைக்கவில்லை. வெயிலம்மாவும் வைக்கவில்லை. கல் உடைக்கும் சத்தத்தைக் கேட்டபடி, அவனாக வைக்கும் வரைக்கும் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

முதல் கார்டுப் பெட்டிகள் திங்கட்கிழமை காலை மலை ஏறுகின்றன.