நாமும் நாங்களும்

என் தங்கையின் கணவர், மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் ஆலையில் மேற்பார்வையாளர். சுமை தூக்குபவராகச் சேர்ந்து, இயந்திரத்தில் நின்று பழகி, பின்னர் பரிசோதனைப் பெஞ்சுக்குப் பொறுப்பானவர். அடியில் விளக்கெரியும் நீண்ட கண்ணாடி மேசை அது. தலையுறையும் கையுறையும் அணிந்த பெண்கள் இருபுறமும் அமர்ந்து, மாத்திரை விழாத குழியுள்ள அட்டைகளைப் பொறுக்கி எடுப்பார்கள். அவர்களுக்கு இவர் ‘அண்ணா’. கேட்டால்தான் வாயைத் திறப்பார், அதுவும் பாதிதான் திறப்பார் என்பாள் என் தங்கை.

பெஞ்சை எடுத்துவிட்டுக் குழிகளைச் சோதிக்கும் கேமராவைப் பொருத்தப்போகிறார்கள் என்ற பேச்சு பரவிய சமயத்தில், நிர்வாகம் ஓர் ஆலோசகரை வரவழைத்தது. மேற்பார்வையாளர்களைத் தலைவர்களாக்குவது அவருடைய தொழில். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மனத்தில் உள்ளதைச் சொல்லச் சொன்னார். கீழே இருப்பவர்களின் குரலை மேலே சேர்க்கவே தாம் வந்திருப்பதாகவும் கூறினார். மைத்துனர் அதை நம்பினார். கேமரா வரட்டும், பெண்களைப் பெட்டி அடுக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டால் போதும் என்று கேட்பது அவருடைய எண்ணம்.

“எங்க பெஞ்சுல இருக்கறவங்க...” என்று தொடங்கியதுமே ஆலோசகர் கையுயர்த்தி நிறுத்தினார்.

“எங்க, நாங்கன்னு பேசற வரைக்கும் நீங்க தலைவர் இல்ல சார். உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவுல நீங்களே சுவர் எழுப்பறீங்க. நாமன்னு சொல்லிப் பழகுங்க.”

நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால், ‘நாங்கள்’ கேட்பவரை வெளியே நிறுத்தும்; ‘நாம்’ அவரையும் சேர்த்துக்கொள்ளும். யாரோடு நிற்கிறோம் என்பதை வினைமுற்று வருவதற்கு முன்பே அறிவித்துவிடும் சொற்கள் இவை. விளையாட்டாக மாற்றிப் போடக்கூடியவை அல்ல.

மைத்துனர் வீட்டிலும் பயிற்சி செய்தார். தங்கை சும்மா இருப்பாளா?

“நாம துணி துவைக்கணும்னு சொல்லிப் பாருங்க. வார்த்தை வராட்டியும் துணியாவது வெளுக்கும்.”

சிரித்தார், உதடுகள் மட்டும் முணுமுணுப்பை நிறுத்தவில்லை.

இறுதி அமர்வுக்கு மேலாளரே வந்திருந்தார். மைத்துனர் எழுந்தார்.

“நாம அந்தப் பெஞ்சைப் பத்தி ஒரு நல்ல முடிவா எடுக்கணும் சார்.”

மேலாளர் மகிழ்ந்துபோய்க் கைகொடுத்தார். “எடுத்தாச்சு. இந்த மாசத்தோட பெஞ்சும் இல்ல, அதுல இருக்கறவங்களும் இல்ல. நாமன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அவங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். பெட்டிப் பகுதியைப் பற்றி மைத்துனர் வாயெடுப்பதற்குள் மேலாளர் போய்விட்டார். ஆலோசகரைத் தாழ்வாரத்தில் மடக்கி எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல யோசனை என்றும் பாராட்டினார். ஆனால், பேசும் விதத்தைத் திருத்துவது மட்டுமே தம் பொறுப்பு, முடிவுகளில் தலையிட அதிகாரமில்லை என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பெண்கள் கையுறை மாட்டுவதற்கு முன் மைத்துனர் பெஞ்சருகே போய் நின்றார். பழகிய நாக்கு அதையே சொல்லிற்று.

“நாம இந்த மாசத்தோட பெஞ்சை மூடறோம்.”

அவர்களுள் மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். “நாமன்னா, நீங்களும் எங்களோட வீட்டுக்கு வர்றீங்களா அண்ணா?”

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். மைத்துனர் இல்லையென்று தலையசைத்தார். பெட்டிப் பகுதிக்காகத் தாம் பேச நினைத்ததைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பேசாத பேச்சுக்கு யார் சாட்சி?

யாரும் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. கையுறைகளை மாட்டிக்கொண்டு விளக்கொளியின் மேல் குனிந்தார்கள். அவருடைய இடமும் அதுவே என்பதால் பணி முடியும்வரை அவர் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. நடுவில் ஓர் அட்டையின் மேல் ஐயம் எழுந்தது. மூத்தவர் அதை அவர் பக்கம் நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் பாருங்க, சார்.”