துவைத்தால் சுருங்காத கார்

சென்ற சனிக்கிழமை காலை 5.40க்கு, திருப்பூர் பக்கத்து அருள்புரத்திலிருந்து ஒரு ரேஸ் காரின் மூக்கோடு புறப்பட்டேன். மூக்கு மட்டும்தான். மிச்சக் கார் கோவைக்குத் தெற்கே ரேஸ் டிராக்கில், கல்லூரிப் பிள்ளைகளிடம் இருந்தது. மூக்கை டிசைன் செய்தவள் என் அக்கா மகள் சிந்து, மெக்கானிக்கல் கடைசி வருடம். பத்து மணிப் பரிசோதனையில் கார் தேறினால், ரேஸ் கார் கட்டும் பட்டறை ஒன்றில் அவளைப் பயிற்சிக்கு எடுப்பதாக அதன் இன்ஜினியர் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக அவள் தட்டிக்கொண்டிருந்த கதவு அது.

மூக்குக்குக் காகிதப் பேட்டர்ன் வெட்டியவன் அடியேன்; அந்த அளவுக்கு அருள்புரத்திலேயே ஃபைபர் போட்டு மூக்கைச் செய்தார்கள். பனியன் கம்பெனி பேட்டர்ன் மாஸ்டர். நான் வெட்டிய டி-ஷர்ட்டைப் போடாதவன் செவ்வாய்க் கிரகத்தில்தான் இருப்பான்.

குட்டியானை லோடு வண்டிக்கு வாடகை 2,200 ரூபாய், தூரம் 38 கி.மீ. டிரைவர் செல்வம், தென்காசிக்காரர். பல்லடத்தில் டீ (15 ரூபாய்) குடிக்கும்போது, "அண்ணாச்சி, ராக்கெட்டா இது?" என்றார்.

"ராக்கெட்டெல்லாம் இதுக்கு ஓரங்கட்டி வழி விடுமுங்க."

7.05க்கு டிராக். செருப்போடு உள்ளே விடவில்லை. ஒரு மாணவனிடம் ஷூ இரவல் வாங்கினேன். மூக்கை மாட்டினால், பூனைக்கு யானைத் தொப்பி போட்டதுபோல் ஆடியது.

"மாமா, பேட்டர்ன்ல கை வெச்சீங்களா?" என்றாள் அங்கே காத்திருந்த சிந்து.

"துவைச்சா சுருங்குமேன்னு அஞ்சு பர்சென்ட் சேர்த்தேன், கண்ணு." முப்பது வருடப் பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது.

"ஃபைபருங்க மாமா! இதை எந்த வாஷிங் யூனிட்டுக்கு அனுப்பப்போறீங்க?"

அழுவாள் என்று கர்சீப்பை எடுத்தேன். அவள் ரம்பத்தை எடுத்தாள். "பிளவுஸ்ல லூஸை மடிச்சு டாட் புடிப்பீங்கல்ல? எங்கன்னு கோடு போடுங்க."

அடிப்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டேன். நடுவில் இரண்டு சென்டிமீட்டர் அறுத்தெடுத்து, இரு ஓரங்களையும் சேர்த்து ரிவெட் அடித்தாள். நீளத்தைப் பின்பக்கம் கத்தரித்தாள். 9.50க்கு மூக்கு ஆடாமல் நின்றது.

இன்ஜினியர் அடியில் தடவிப் பார்த்தார். "இதென்னம்மா ஒட்டு?"

நான் வாயைத் திறந்தேன். சிந்து என் இரவல் ஷூவை மிதித்தாள். "பேட்டர்னை அளந்து பார்க்காம ஃபைபர் போட்டது என் தப்புங்க."

அவர் தட்டினார், ஆட்டினார், டேப் வைத்து அளந்தார். கார் தேறியது. "திங்கக்கிழமை வாம்மா. முதல் மூணு மாசம் அளவு பார்க்கிற வேலைதான். டிசைன் அப்புறம்."

"எத்தனை மணிக்குங்க?" என்றாள்.

பிள்ளையை இந்தத் துறைக்கு அனுப்புகிறவர்களுக்கு: டிகிரி மட்டும் போதாது, கையால் ஒரு வண்டியாவது கட்டியிருக்க வேண்டும். டிராக்கில் நிழல் கிடையாது, தொப்பி வேண்டும். ஷூ கட்டாயம்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபோது என் கட்டிங் டேபிளில் ஒரு சீட்டு இருந்தது, ஞாயிற்றுக்கிழமையே வந்து ஒட்டிவிட்டுப் போன சிந்துவின் கையெழுத்தில்: 'காரைத் துவைக்க மாட்டோம், மாமா.'