கார்பன் ஃபிரேமும் அப்பா மாட்டிய ஸ்டாண்டும்

சைக்கிள் விஷயத்தில் எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம். தலைக்கனம் என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூரிலிருந்து நந்தனம் பக்கம் கல்லூரிக்கு ரேஸ் சைக்கிளில் போய்வந்த பெண் நான். லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டுமே, எனக்கென்ன போச்சு.

அது கல்லூரியில் என் கடைசி வருஷம். மாநிலப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி விஜயதசமி அன்று விடிந்ததும் என்று சொல்லிவிட்டார்கள். லீவு நாள், ரோட்டில் லாரித் தொல்லை இருக்காது. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அணியில் இடம். அடுத்த வருஷம் நான் வேலைக்குப் போயாக வேண்டும், அப்புறம் பயிற்சியாவது மண்ணாவது! இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

என்னிடம் இருந்தது உள்ளூர் இரும்பு ரேஸ் சைக்கிள். நல்ல உழைப்பாளிதான், ஆனால் கனம். கார்பன் இழையை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்கிற லேசான கார்பன் ஃபிரேமை எல்லாம் வெளிநாட்டுப் பத்திரிகையில் படமாகத்தான் பார்த்திருந்தோம். என்னோடு பயிற்சிக்கு வருகிற ராயப்பேட்டைத் தோழி ஒருத்தி. அவளுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தபோது யாரோ ஓட்டிக் கழித்த கார்பன் ஃபிரேம் இரண்டு கொண்டுவந்தார். ஒன்று கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல பளபளவென்று சிவப்பு. இன்னொன்று அங்கங்கே பெயிண்ட் உரிந்த கறுப்பு.

தோழி சிவப்பை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "இன்னாடி இது, இம்மாம் லைட்டா கீது! கண்ண மூடிக்கினு இத்த எடுத்துக்கோ" என்றாள்.

நான் கண்ணை மூடவில்லை. பெயிண்டைப் பார்த்து ஃபிரேம் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல கார்பன் டிக் டிக்கென்று பளிச்சென்று பேசும். உள்ளே அடுக்கு விட்டுப் போயிருந்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி மந்தமாகிவிடும். சிவப்பு, ஹேண்டில் பக்கம் வந்ததும் மந்தமாகிவிட்டது. கறுப்பு கடைசி வரை ஒரே சத்தம். குழாயும் அலுமினிய மூட்டும் ஒட்டுகிற இடங்களில் நகத்தை ஓட்டினேன், எங்கேயும் மாட்டவில்லை. பெடல் அச்சு போகிற இடத்தில் மரை தேயவில்லை. "கறுப்புதான்" என்றேன். விலையும் அதற்குத்தான் குறைவு.

அடுத்த சண்டை சக்கரத்துக்கு. கார்பன் ஃபிரேமே வந்தாச்சு, கியரும் பிரேக்கும் புதுசா வாங்கு, சக்கரம் இருக்கிறதையே மாட்டிக்கோ என்று ஆளாளுக்கு உபதேசம். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சுற்றுகிற இடத்தில் இருக்கிற கனம்தான் காலைக் கொல்லும். இரும்பு ரிம் மழையில் பிரேக் பிடிக்கவும் பிடிக்காது. டியூஷன் எடுத்துச் சேர்த்ததில் பெரும்பகுதியை நல்ல அலுமினிய ரிம்மிலும், சக்கரத்தின் நடுவில் சுழல்கிற ஹப்பிலும் போட்டேன். பிரேக் செகண்ட் ஹேண்ட். கியரும் பழசு, கெட்டுப்போனால் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு நானே சரிபண்ணிக்கொள்கிற ரகம். சீட் என் பழைய சீட்டேதான். உடம்புக்குப் பழகின சீட்டைப் போட்டிக்கு முன்னால் மாற்றுகிறவள் அசடு.

பெசன்ட் நகரில் கடற்காற்றை எதிர்த்து முதல் தடவை ஓட்டினபோது, அம்மாடி, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் தோழி, "ஏய், நின்னு போடீ!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

வீட்டில்தான் ஒரு தகராறு. ரேஸ் சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது, சுவரில் சாய்த்தால் வழுக்கும். அதனால் கூடத்தில் தரையில் படுக்கப் போட்டுவிடுவேன். அப்பாவுக்கு அது பொறுக்கவே பொறுக்காது. ஒரு வேலைக்கு உதவுகிற சாமானைக் கால் படுகிற மாதிரிப் போடலாமா என்று போகும்போதும் வரும்போதும் முணுமுணுப்பார். நானும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

போட்டிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. காலையில் பொரி, கடலை, வாழைக்கன்று வாங்க மாட வீதிக்குப் போய்விட்டுத் திரும்பினால், சாமி படங்களுக்கு முன்னால் என் சைக்கிள் ஜம்மென்று நிற்கிறது. துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஹேண்டிலில் பூச்சரம் சுற்றி! கீழே என் ஸ்பேனர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. பின்சக்கரத்தை ஒட்டி ஒரு ஸ்டாண்டு. அப்பா தன் ஆபீஸ் சைக்கிளில் இருந்ததைக் கழற்றி இதில் மாட்டியிருந்தார்.

"பாத்தியா, நன்னா இறுக்கிட்டேன். இனிமே யானை வந்து இடிச்சாலும் ஆடாது" என்றார்.

பொரிப் பையை அப்படியே கீழே போட்டேன். இரும்பை எவ்வளவு இறுக்கினாலும் தாங்கும், கார்பனை அப்படி நசுக்கவே கூடாது. குனிந்து பார்த்தேன். ஸ்டாண்டு கவ்வின இடத்தில் குழாயின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. விரலால் அழுத்தினேன், நறுக்கென்றது.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கேள்!" என்று கத்தினேன். "போச்சு, எல்லாம் போச்சு! உங்களை யாரு இதைத் தொடச் சொன்னா?"

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அப்பா கோட்டைப் பார்த்தார். "பூஜையும் அதுவுமா கீழே கிடக்கறதேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு, "இதுல போனா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"வேகத்துல ஒடியும். நான் நடு ரோட்டுல கிடப்பேன்" என்றேன். கோபத்தில் சொன்னேன், ஆனால் பொய்யில்லை.

பூஜை நடந்தது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும்தான் மூளை வேலை செய்தது. ஃபிரேம் போனால் என்ன, காசெல்லாம் சக்கரத்தில் அல்லவா இருக்கிறது! சக்கரம், பிரேக், கியர், சீட் நான்கையும் பழைய இரும்பு ஃபிரேமுக்கு மாற்றிவிடலாம். பின் ஹப் அதற்குக் கொஞ்சம் அகலம்தான், ஆனால் இரும்பைக் கையால் இழுத்து விரித்துக்கொள்ளலாம். என் கணக்கு தப்பவில்லை என்று எழுந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். சைக்கிளும் ஸ்பேனர்களும் பூஜையில் இருந்தன.

பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை தொடக் கூடாது. எங்கள் வீட்டில் இதற்கு மேல்முறையீடே கிடையாது. அவசரமாகச் சுத்தியல் கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரரையே ஒரு வருஷம் அப்பா திருப்பி அனுப்பியிருக்கிறார். வெளியே போய்க் கேட்கலாம் என்றால் ஊரில் உள்ள அத்தனை கடையிலும் ஸ்பேனர்கள் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மறுநாள் புனர்பூஜை ஆகிற நேரத்துக்குப் போட்டியே முடிந்துவிடும்.

"என்ன வேணும் நோக்கு?" என்றார் அப்பா.

சொன்னேன். "அதெப்படி இன்னிக்கு எடுக்கறது?" என்றாள் அம்மா. அப்பா எழுந்தார். போய்க் கைகால் அலம்பிக்கொண்டு வந்தார். இன்னொரு கற்பூரம் ஏற்றி விழுந்து நமஸ்காரம் பண்ணினார். சைக்கிளை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஸ்பேனர்களைப் பொட்டோடு அப்படியே அள்ளி என் கையில் கொடுத்தார்.

"தப்புன்னா அது என்னைச் சேரட்டும். நீ வேலையைப் பாரு."

பிற்பகல் முழுக்க நான் கழற்றி மாட்டினேன். பின்சக்கரம் நுழைய அவர்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இரும்பை விரித்துப் பிடித்தார்.

மறுநாள் திருவான்மியூரில் புறப்பட்டு முட்டுக்காடு போய்த் திரும்ப வேண்டும். போகும்போது ஃபிரேமின் கனம் தொடையில் தெரிந்தது. திரும்புகையில் எதிர்காற்று. மற்றவர்கள் தளர்ந்தார்கள், என் சக்கரம் தளரவில்லை. நானும் விடவில்லை. ராயப்பேட்டைக்காரி முதலாவது, நான் இரண்டாவது. "இன்னாடி, ரெண்டு பேரும் உள்ள பூந்துட்டோம்!" என்று அவள் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து வீட்டுக்கு அடித்தேன். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் அப்பா எடுத்துவிட்டார்.

"ரெண்டாவதுப்பா! டீம்ல எடுத்துட்டா!" என்று கத்தினேன். பூத்துக்கு வெளியே ஒரே இரைச்சல். "அப்பா, கேக்கறதா?"

"கேக்கறது" என்றார். "விழலையே?"

"இல்லப்பா. ரெண்டாவது வந்திருக்கேன்."

"சரி, சரி. எங்கேயும் விழலையே? அடி கிடி ஒண்ணும் படலையே?"

"இல்லப்பா, ஒரு கீறல்கூட இல்ல" என்று மெதுவாகச் சொன்னேன்.