தூக்கத்துக்கு விளக்கெண்ணெய்

மலாயாவில் உலு திராம் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு எல்லாம் கிடைத்தது. அரிசி கிடைத்தது, கொசு கிடைத்தது, காய்ச்சலுக்குக் கொய்னா கிடைத்தது. தூக்கம் மட்டும் துரை பங்களாவோடு நின்றுவிட்டது. அங்கே நாய்கூட எட்டு மணிக்குத்தான் எழுந்திருக்கும் என்று பங்களாவில் சமைக்கிறவர் சொல்லுவார்.

எங்களுக்கு விடிவது நாலு மணிக்கு. கங்காணி ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்பால் அடிப்பார். அதைப் பெரட்டு மணி என்போம். மணி கேட்டதும் பெரியவர்கள் களத்துக்கு ஓடி வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் தாராளமாகத் தூங்கலாம். எங்கே தூங்குவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆளில்லாத லயத்து வீட்டில் பிள்ளையைத் தனியே விட்டுப்போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? கைப்பிள்ளைகளைத் துணியோடு சுருட்டி ஆயாக் கொட்டகையில் கிடத்திவிட்டுப் போவார்கள். என் தம்பி அப்படித்தான் போனான். எனக்கு ஏழு வயது ஆகியிருந்தபடியால் நான் பெரிய மனுஷி. அம்மாவோடு காட்டுக்குப் போய், மரம் மரமாகப் பால் வடிகிற மங்கைத் துடைத்து, வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். அப்பா முந்தின வருஷமே காய்ச்சலில் போய்விட்டார்.

ராத்திரி சீக்கிரம் படுத்திருக்கலாமே என்பீர்கள். லயத்துத் தடுப்புப் பலகைகள் கூரையைத் தொடாது. பன்னிரண்டு வீட்டு இருமலும் சண்டையும் என் தலைக்கு மேலேதான் நடக்கும்.

காலையில் அம்மா எது கேட்டாலும் நான் "ம்" என்பேன்.

"மொகம் கழுவிட்டியா?"

"ம்."

"தம்பிக்குத் துணி எடுத்துக்கிட்டியா?"

"ம்."

ஒன்றும் செய்திருக்க மாட்டேன். கண்ணைத் திறக்காமலே சொல்கிற "ம்" அது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம். ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். காலையில் களத்தில் பேர் கூப்பிடுகிறவரும் அவரே, ஆகவே அவரும் நாலு மணி ஆள். பலகையில் எழுத்தை எழுதிப் போட்டுவிட்டு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வார். அவர் தூங்கினால் யோசனை, நாங்கள் தூங்கினால் திமிர். என்னைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தார். நின்றபடி தூங்கப் பழகிக்கொண்டேன்.

பிள்ளைகள் தூங்கி விழும் விஷயம் பெரிய இடம் வரைக்கும் போயிற்று. கங்காணி அதைச் சோம்பேறித்தனம் என்றார். பூசாரி காத்துக் கருப்பு என்று சொல்லி ஆளுக்கொரு கயிறு கட்டினார். ஆஸ்பத்திரி டிரசர் எங்கள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, வயிற்றில் பூச்சி என்று கண்டுபிடித்தார். சனிக்கிழமைதோறும் எல்லாருக்கும் விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். வைத்தியம் பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. விளக்கெண்ணெய் குடித்த பிள்ளை வகுப்பில் தூங்காது, வகுப்பிலேயே இருக்காது. மணி அடிக்கிற நேரத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்கோ நான் எழுதப் படிக்கக் கற்றே ஆக வேண்டும். ஜொகூர் பாருவில் ரயிலடியில் வேலை பார்த்த தன் அண்ணனுக்கு அவள் ஒரு கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. என்னையும் தம்பியையும் அழைத்துப்போய் வைத்துக்கொள்ளும்படி கேட்கும் கடிதம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் போய் எழுதச் சொன்னால் மறுநாளே கங்காணிக்குத் தெரிந்துவிடும். அதனால், "நீயே எழுதுடி. நான் கெடந்து சாவுறது போதும், புள்ளைங்களாச்சும் விடிஞ்சப்புறம் எந்திரிக்கட்டும்" என்றாள்.

ஒரு வருஷம் தூங்கி வழிந்து எழுத்துக் கூட்டக் கற்றேன். ஒரு நாள் சாயங்காலம் அம்மா சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். "அப்படியே எழுதி வை" என்று சோறு வடிக்கப் போனாள். கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தார். "அன்புள்ள அண்ணனுக்கு, இவ்விடம் யாவரும் சுகம்" என்று அழகாக எழுதினேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை.

மறுநாள் மணி அடித்ததும் அம்மா என்னை உலுக்கினாள்.

"எழுதி முடிச்சிட்டியா?"

"ம்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தை மடித்து, அரிசி ஏற்றிவர டவுனுக்குப் போகும் மாட்டுவண்டிக்காரர் கையில் கொடுத்தாள்.

பத்து நாளில் மாமாவிடமிருந்து பதில் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோஷமாம். இருக்கிற இடத்திலேயே இருங்கள், தோட்டத்துக் காற்று பிள்ளைகளுக்கு நல்லது என்று எழுதியிருந்தார். படிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"ஒங்கள கூட்டிக்கிறத பத்தி ஒண்ணும் எழுதலையா?"

"இல்லம்மா."

அம்மா அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள். "அவருக்கும் குடும்பம் இருக்குல்ல" என்றாள். அதற்குப் பிறகு அவள் மாமா பேச்சை எடுத்ததில்லை. நான் உண்மையைச் சொல்லவில்லை. அடிக்குப் பயந்து அல்ல, அம்மா என்னை அடிக்கவே மாட்டாள். வெட்கம்தான். அவள் சாகும் வரைக்கும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் என் கண் ஒரு தடவைகூட மூடவில்லை. டிரசர் என்னைத் துரையிடம் காட்டி, விளக்கெண்ணெய் வேலை செய்கிறது என்று சொன்னார்.