கடைசி நாளுக்கு அரிசி சேர்த்தவள்

எங்கள் தையல் பிரிவில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீக்கு விட்டபோது எடுத்துப் பார்த்தேன். எஸ்தரின் கணவர் டேனியல் பலமுறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்ததும், "எஸ்தரு பூட்டாம்மா, செல்வி" என்றார். அழுதுகொண்டே போனை வைத்துவிட்டார். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமாக அவள் பயந்துகொண்டிருந்த ஐப்பசி வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.

அவளோடு கார் சீட் உறை தைத்தவர்களுக்கும், இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருந்தவர்களுக்கும் எஸ்தரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த நான், அவள் குடியிருந்த வீட்டின் மாடியில் அவளுக்குப் பக்கத்து அறையில் குடியேறினேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. உலகம் ஒரு மழைக்காலத்தில்தான் முடியும் என்று அவள் போகும் ஜெபக் கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஐப்பசி பிறந்தால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். அரிசி, தீப்பெட்டி, மெழுகுவத்தி, தண்ணீர் கேன் எல்லாம் கட்டிலுக்கடியில் சேரும். வேலைக்கு நடுவில், ஊசி மாற்றுகிற நேரத்தில்கூடத் திரும்பி, "இன்னா செல்வி, தண்ணி புடிச்சி வெச்சிகினியா?" என்பாள்.

"உலகமே அழியப் போகுதுன்னு சொல்றே. அப்புறம் என்னத்துக்குடி இம்புட்டு அரிசி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அழியறதுக்கு முன்னால பசிக்கும்ல" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு புயல் வந்தது. கம்பெனி லீவு விட்டுவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் வழி தவறி எங்கள் தெருவில் ஏறியது. காலையிலேயே கரண்ட் இல்லை, போனில் டவரும் இல்லை. எஸ்தர் என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்து உட்கார வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. "இதான் செல்வி. இன்னிக்கிதான்" என்றாள். அந்த நாள் வந்தால் கதவைச் சாத்திவிட வேண்டும், யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது என்பது ஜெபக் கூடத்தின் கட்டளை. டேனியல் தாழ்ப்பாள் போட்டார்.

எதிர்வீட்டின் கீழ்த்தளத்தில் தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் தங்கியிருந்தார்கள். அவர்கள் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் கைகோத்துத் தெருவைக் கடந்து, எங்கள் படியேறி வந்து தட்டினார்கள். "அக்கா, கதவத் தெறங்கக்கா."

எஸ்தர் ஜன்னலை விட்டுக் கதவை நோக்கி வந்தாள். டேனியல் குறுக்கே நின்றார். "தொறக்கக் கூடாதுன்னு சொல்லிகிறாங்கல்ல. நமக்கே பத்தாது."

"கதவ மூடறது கர்த்தர் வேல. அவரே மூடிக்கட்டும். நீ நவுரு."

அவர் நகர்ந்தார். இருக்கிற பெரிய பாத்திரத்தில் உலை வைத்தாள். அள்ளிப் போட்ட வேகத்தில் அரிசி தரையெல்லாம் சிந்தியது. பரிமாறும்போது ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டாள். எதற்கு என்றேன். "பேரு தெரியாம அங்க கர்த்தருகிட்ட போயி இவங்கள யாருன்னு சொல்றது?" என்றாள், மெதுவாக.

அன்று நான் வெள்ளத்தில் இருந்தேன். அவள் கடைசி நாளில் இருந்தாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

தண்ணீர் வடிந்து, பெண்கள் போன பிறகு, "ஏமாந்துட்டியா?" என்று கேட்டேன். காலி டப்பாக்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள், "மறுபடியும் மொதல்லேர்ந்து சேக்கணும் பா" என்றாள் அலுப்போடு. விசுவாசிகளுக்கென்று வைத்ததை வெளியாருக்குக் கொடுத்தாள் என்று ஜெபக் கூடத்தில் அவளை எழுப்பி நிறுத்திக் கண்டித்தார்கள். தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். கூடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை, நம்புவதையும் நிறுத்தவில்லை. அடுத்த ஐப்பசியில் அரிசி மட்டும் இரண்டு மடங்காயிற்று.

இந்த வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. "இது இன்னா, சாதா ஜொரம்" என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வேலை நேரம் முடிந்தும் இருந்து ஓ.டி.யும் பார்த்தாள். மிஷின் முன்னாலேயே சுருண்டு விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டெங்கு, தாமதமாகிவிட்டது என்றார்கள். இதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. வானம் இடிந்து விழுவதற்கு ஆயத்தமாக இருந்தவள் ஒரு கொசுவுக்கு ஆயத்தமாக இல்லை. கல்லறையில் ஜெபக் கூடத்தார், முடிவைப் பார்க்காமல் முந்திப் போனவள் பாக்கியவதி என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. டேனியல் ஈர மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய நம்பிக்கை எனக்கு வரவில்லை, இனி வரவும் வராது. அவளிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தப் பதற்றம்தான். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று செய்தியில் சொன்னால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. நேற்று மளிகைக் கடையில் அரிசி கேட்டேன். "தனி ஆளுக்கு இன்னாத்துக்குமா இவ்ளோ? எத்தினி பேருக்கு?" என்றார் கடைக்காரர்.

"தெரியலண்ணே" என்றேன். "யார் யார் வருவாங்கன்னு இப்பவே எப்படிச் சொல்ல?"