வைகாசியில் பூமி பிளக்குமா?

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் கோகிலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். பள்ளிக்கூடத்துச் சாதாரணதரப் பரீட்சையில் புவியியலுக்கு மட்டும் நல்ல புள்ளி வாங்கி, மற்றதையெல்லாம் கோட்டை விட்டவள். தம்பிமாரைக் கரைசேர்ப்பதற்குள் முப்பத்தாறு வயதாகிவிட்டது. இடையில் வந்த இரண்டு சம்பந்தங்கள், "கொஞ்ச நாள் தள்ளி வைப்போம்" என்று தள்ளிப்போய், அப்படியே கைநழுவிவிட்டன. மூன்றாவதாக வாய்த்தவர் குருவிட்டத் தோட்டத்து லொறி டிரைவர் அழகமுத்து. இரண்டாயிரத்து ஐந்து வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஊரெல்லாம் பூகம்பப் பேச்சு கிளம்ப வேண்டும்! முந்திய மார்கழியில் கடல் வந்து கரையோரத்தையே வாரிக்கொண்டு போனதிலிருந்து எல்லோருக்கும் பயம். வைகாசியில் நிலம் பிளக்கும் என்று எவனோ கிளப்பிவிட்டான். பங்குனிக் கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா ஜெயம்மா பஸ் ஏறி வந்துவிட்டார்.

"அனே கோகிலா, கல்யாணத்த ஆவணிக்குத் தள்ளிருவோம். எங்க பக்கம் மாணிக்கம் தோண்டித் தோண்டிப் பூமியே பொத்தலா கெடக்கு. ஆட்டம் வந்தா அந்தக் குழி வழியா நெருப்பும் வருமாம்."

தள்ளிருவோம் என்றதும் கோகிலாவுக்கு முந்திய இரண்டு சம்பந்தங்களும் ஞாபகம் வந்தன. அழுதால் காரியம் ஆகாது. "அத்தை, கொஞ்சம் ஸ்டோருக்கு வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

தோட்டத்து ரப்பர் ஸ்டோரின் தொட்டியில், அசிட் விட்டு உறையவைத்த ரப்பர் பால் வெள்ளைப் பாளங்களாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. கோகிலா இரண்டு பாளங்களை மெல்ல நெருக்கினாள்.

"பூமியோட மேல்தோடு ஒரே துண்டு இல்ல அத்தை. இந்த மாதிரி பெரிய பெரிய தட்டா கெடக்கு. கீழ தண்ணிக்குப் பதிலா சூடான பாறை. நகம் வளர்ற வேகத்துல தட்டுக நகருது. இந்தா, விளிம்பு ரெண்டும் மாட்டிக்கிச்சு. நான் தள்ளுறத நிப்பாட்டல, பாருங்க."

மாட்டிய விளிம்பு மடங்கிப் புடைத்தது. சட்டென்று ஒரு பாளம் மற்றதன் கீழே நழுவியது. தண்ணீர் எகிறி ஜெயம்மாவின் சேலையை நனைத்தது.

"கடல் வந்ததும் இப்பிடித்தானா?"

"இப்பிடித்தான். அந்த விளிம்பு சுமாத்ராப் பக்கம் இருக்கு. நெருப்புக் கக்குற மலைகளும் அநேகமா விளிம்புலதான். நாம இருக்கிறது தட்டுக்கு உள்ளுக்க. அதோட கனத்துக்கு உங்க மாணிக்கக் குழி சும்மா ஒரு கீறல்."

"அப்ப இங்க ஆடவே ஆடாதா?"

ஆடாது என்று ஒரு பொய் சொன்னால் போதும், கல்யாணம் நடந்துவிடும். கோகிலாவுக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"அப்பிடிச் சொல்ல ஏலாது அத்தை. உள்ளுக்கயும் எப்பவாச்சும் ஆடலாம். ஆனா இன்ன நாள்ல ஆடும்னு ஒலகத்துல ஒருத்தராலயும் சொல்ல முடியாது. வைகாசின்னும் சொல்ல முடியாது, ஆவணின்னும் சொல்ல முடியாது."

ஜெயம்மா நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார். இந்தச் சம்பந்தமும் போச்சு என்று கோகிலா பாளத்திலிருந்து கையை எடுத்தாள்.

"நாளே தெரியாதுன்னா ஆவணி எதுக்குடி?" என்றார் ஜெயம்மா திடீரென்று. "வைகாசிதான் எதுக்கு? சித்திரைப் புதுவருசம் முடிஞ்ச கையோட தாலியக் கட்டிருவோம். நான் இப்பவே ஐயரப் பார்த்துட்டுத்தான் பஸ் ஏறுவேன்."

கோகிலாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்தாள்.

"ஐயோ அத்தை, ரவிக்கை தைக்கக்கூட நாள் இல்லையே!"